தன் காலால் ஏணி ஏறியவர்

பபேடான், யாங்கோன்
11 நவம்பர் 2024

அன்புள்ள தம்பி ரெங்கசாமிக்கு,

என் கணவர் கடலில் குதித்து விண்வெளி வீரரைத் தூக்கிக் கரை சேர்த்தார் என்று நான் சொல்லித் திரிவதாக வியாசர்பாடியில் பேச்சாம். துணி வாங்கச் சென்னை போய்வந்த செல்வம் சொன்னார். நான் அப்படிச் சொன்னதில்லை. உங்கள் அண்ணன் பார்த்தார் என்று சொன்னேன். பார்ப்பதற்கும் தூக்குவதற்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரியும்.

என் உடம்பில் முழங்காலைத் தவிரக் குறையில்லை. உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? உங்கள் மகள் புஷ்பலதாவும் பிள்ளைகளும் சௌக்கியமா?

பேச்சு எங்கே தொடங்கியது என்று விசாரித்துவிட்டேன். கோயில் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்தும் சபாபதி, வகுப்பின் ஐம்பதாம் ஆண்டுக்கு ஒரு மலர் போடுகிறார். அதற்கு உங்கள் அண்ணனைப் பற்றித் தானே ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவந்தார். அதில்தான் அவரைக் கடலில் குதிக்க வைத்திருந்தார். சிவப்பு மையால் அடித்தேன். அவருக்கு வருத்தம். "குதிச்சா என்னம்மா? படிக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்" என்றார். இனி நானே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அச்சில் வரப்போவது. ஆகையால் எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். அறுபதுகளில், எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பு, அரிசி ஏற்றிக்கொண்டு ஜப்பான் போன கப்பல். ஒரு விண்கலம் குறித்த இடம் தப்பி அந்தப் பக்கம் இறங்கப் போகிறது, கண்ணை வைத்திருங்கள் என்று ரேடியோவில் வந்தது. உங்கள் அண்ணன் முதலில் கண்டார். கேப்டன் கொடுத்த நற்சான்றுக் கடிதம் இங்கே சுவரில் மாட்டியிருக்கிறது. அதில் அவருடைய தாள் பெயர்தான் இருக்கிறது, மவுங் தெய்ன் என்று. நம் வீட்டு ஆண்களுக்கு வீட்டுக்கு ஒரு பெயர், அரசாங்கத் தாளுக்கு ஒரு பர்மியப் பெயர் என்பதை மலர் படிக்கும் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை.

அவர் வாயிலிருந்து நான் கேட்டது எப்போதும் நாலே வாக்கியம். "நான்தான் காவல். வானத்துலேர்ந்து குடை எறங்குச்சு. மேல சொன்னேன். அந்த ஆளு தன் காலாலயே ஏணி ஏறிப் போனாரு." இவ்வளவுதான். கட்டுரைக்கு இது போதாது. உங்களிடம் அவர் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கண்டார், எவ்வளவு தூரத்தில், அந்த ஆள் எவ்வளவு நேரம் கடலில் மிதந்தார்.

இங்கே மின்சாரம் நாலு மணி நேரம் வருகிறது. தொலைபேசி நம்பிக்கைக்குரியதல்ல. கடிதமே போதும்.

அண்ணி,
சத்யபாமா


வியாசர்பாடி, சென்னை
2 டிசம்பர் 2024

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு ரெங்கசாமி எழுதுவது.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம். எண்பது வயதில் ஒரு கோணல் இல்லை. எனக்கு மூச்சு பனியில் கொஞ்சம் தொல்லை, மற்றபடி கடவுள் புண்ணியம். இங்கே எல்லாரும் சுகம். முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கவும்.

அண்ணன் சொன்னதுக்கு மேலே எனக்கு என்ன தெரியும்? மலரில் அந்த நாலு வாக்கியத்தையே போட்டுவிடலாம். பழைய கதை.

மணி சரியாகத் தெரியாது. காலை என்று நினைப்பு. தூரம் இரண்டு ஃபர்லாங்குக்கு மேலே நெருங்க விடவில்லை. விமானம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதிலிருந்து முக்குளிக்கிறவர்கள் குதித்து, கவிழ்த்த குடம் மாதிரி இருந்த அந்தக் கலத்தைச் சுற்றி ரப்பர் வளையம் கட்டினார்கள். போர்க்கப்பல் வர மூன்று மணி நேரம். அதுவரை உள்ளே இருந்த இரண்டு பேரும் அலையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். வானத்தில் அத்தனை சுற்று சுற்றிவிட்டு வந்த மனிதர், கதவில் தலையை நீட்டிக் கடலில் வாந்தி எடுத்தார். பாவமாக இருந்தது. அடையாளத்துக்காகக் கலத்திலிருந்து ஒரு சாயம் கரையும், கடல் முழுக்கப் பச்சை. கிளிப்பச்சை.

இப்படி அண்ணன் சொல்வார். மறதியில் ஏதாவது மாறியிருக்கும். இதையெல்லாம் போட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். மாடிப்படியில் தனியாக ஏற வேண்டாம்.

ரெங்கசாமி


பபேடான்
6 ஜனவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

புது வருடம் உங்கள் எல்லாருக்கும் நல்லதாக இருக்கட்டும். எண்ணெய் தேய்த்தேன். பயனில்லை. நாலு மாடி, அறுபத்தெட்டுப் படி. தனியாகத்தான் ஏறுகிறேன். இரண்டாம் மாடி ஃபக்ருன்னிசா தினமும் கை நீட்டுவாள். "அக்கா, படி எங்கயும் ஓடிப்போகாது, பிடிச்சுக்கிட்டு வாங்க" என்பாள். அந்த ஆள் மூன்று மணி நேரம் கடலில் ஆடிய பிறகும் தன் காலால் ஏறினார், எனக்கு என்ன என்று பதில் சொல்வேன். அவளுக்கு அந்த ஆள் யார் என்று இன்றுவரை தெரியாது. யாரோ என் சொந்தக்காரர் என்று நினைத்திருக்கிறாள்.

இப்போதுதான் கவனிக்கிறேன். மூன்று மணி நேரம் என்பது மட்டும் நான் உங்கள் கடிதத்தில் படித்தது.

தம்பி, உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். உங்கள் அண்ணன் எப்போதும் ஒருவர் என்றார். நீங்கள் இருவர் என்கிறீர்கள். கடல் பச்சையாக இருந்ததென்று அவர் சொன்னதில்லை. வாந்தி எடுத்ததைச் சொன்னதில்லை. நான் கேட்டிருக்கிறேன். உப்புப் போட்டுப் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே, அவ்வளவுதான் தெரியும் என்பார். நாற்பத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். தவறில்லை. ஆனால் "பாவமாக இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். பாவமாக இருந்ததாம் என்று எழுதவில்லை.

அந்த வருடம் நீங்கள் பெகுவில் மாமா கடையில் இருந்ததாக மாமியார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

பேரப் பிள்ளைகளுக்கு என் அன்பு.

அண்ணி


பபேடான்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்களிடமிருந்து பதில் இல்லை. செல்வம் கடிதத்தை உங்கள் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறார்.

சபாபதி நேற்று வந்தார். அச்சகத்தில் காகிதம் கிடைக்கும்போதே அடித்துவிட வேண்டுமாம். எல்லாக் கட்டுரையும் வந்துவிட்டது, என்னுடையது மட்டும்தான் பாக்கி என்றார். தப்பில்லாமல் வேண்டுமா, சீக்கிரம் வேண்டுமா என்று கேட்டேன். "நீங்க பரீட்சைத் தாள் திருத்துற மாதிரியே பேசுறீங்கம்மா" என்றார். லபெயே தேநீர் குடித்துவிட்டு, சுவரிலிருந்த கேப்டன் கடிதத்தைக் கைப்பேசியில் படம் எடுக்கப் போனார். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்றேன்.

என் வாயால் இப்படிச் சமாளிக்க வேண்டியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணி


வியாசர்பாடி
15 மார்ச் 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

புஷ்பலதா எழுதுகிறேன். நாங்கள் நலமாக இருக்கிறோம் என்று எழுத முடியவில்லை. அப்பாவைப் போன மாதம் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். நுரையீரலில் நீர். இப்போது வீட்டில்தான். நாலு அடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறார்.

உங்கள் இரண்டு கடிதமும் அவர் தலையணைக்கு அடியில் இருக்கின்றன. என்னப்பா எழுதியிருக்காங்க என்று கேட்டால், "வாத்தியாரம்மா கேள்வி கேட்டிருக்காங்க, பதில் தெரிஞ்சும் எழுத வரல" என்கிறார். நான் எழுதித் தருகிறேன் என்றேன். அதற்கும் வேண்டாம் என்கிறார்.

நேற்று ஒன்று மட்டும் கேட்கச் சொன்னார். பாட்டியுடைய தகரப் பெட்டி இன்னும் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் திறக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, அதைச் சொல்லாதே என்றார். நான் இரண்டையும் எழுதிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மகள்
புஷ்பலதா


பபேடான்
8 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

உங்களுக்கு மூச்சு சீராகியிருக்கும் என்று நம்புகிறேன். நிலநடுக்கத்தில் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. விளக்கு ஆடியது, தொட்டித் தண்ணீர் சிந்தியது. மாந்தலேயில் நடந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதை எழுத எனக்குத் தெம்பில்லை. தெருவில் எல்லாரும் இறங்கி நின்றோம். ஃபக்ருன்னிசா என்னை இறக்கிவிட்டாள். இறங்குவதற்குத்தான் உதவி வாங்கினேன், ஏறுவதற்கு அல்ல.

சுவரிலிருந்த கேப்டன் கடிதம் விழுந்து கண்ணாடி உடைந்தது. அதைப் பத்திரமாக வைக்க ஒரு துணி தேடித்தான் மாமியாரின் தகரப் பெட்டியைத் திறந்தேன். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் உண்மை அதுதான்.

அடியில் ஒரு பனியன் இருந்தது. அது எனக்குத் தெரிந்த பனியன்தான். மஞ்சள் கறை என்று நினைத்து ஒதுக்கி வைத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் அல்ல. மடிப்புக்குள் இன்னும் வெளிறிய பச்சை.

வெளுக்கப் போடும் துணி மாறிப் போகாமல் இருக்க உங்கள் அம்மா கழுத்துப் பட்டியில் சிவப்பு நூலால் எழுத்துத் தைப்பார். பெரியவர் விநாயகமூர்த்தியுடையதில் வி. இந்தப் பனியனில் ரெ.

முன்பு உங்களைக் கேள்வி கேட்டேன். இப்போது கேட்கவில்லை. சொல்ல விருப்பமிருந்தால் சொல்லுங்கள்.

அண்ணி


வியாசர்பாடி
10 ஜூன் 2025

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது, மன்னிக்கவும். நீங்கள் சௌக்கியம் என்று படித்து நிம்மதி.

நான்தான் போனேன். அண்ணனுக்குக் காமாலை. கண் மஞ்சளாகி எழுந்து நிற்க முடியவில்லை. அந்த முறை கப்பல் ஏறாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அம்மாவும் நாங்களும் அவர் சம்பாத்தியத்தில்தான் சாப்பிட்டோம். எனக்கு ஆற்றில் சரக்குப் படகு வேலை, தாள் எதுவும் கிடையாது, கேட்டாலும் கொடுக்கிற காலம் இல்லை. அண்ணனுடைய கப்பல் புத்தகத்தில் ஒட்டியிருந்த படம் அவர் பதினெட்டு வயதில் எடுத்தது. எனக்கு அப்போது பத்தொன்பது. பார்க்கிறவருக்கு நான்தான் மவுங் தெய்ன்.

அம்மா பெகு என்று ஊருக்குச் சொன்னார்கள். துறைமுகத்துக்குக் கிளம்பும்போது அண்ணன் பாயில் படுத்தபடியே, "பேர மட்டும் பத்திரமா திருப்பிக் கொண்டா" என்றார்.

நான் பேரோடு கேப்டன் கடிதத்தையும் கொண்டுவந்தேன். மூன்று மணி நேரமும் மேல்தளத்தில் நின்றேன். போர்க்கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு போன பிறகு எங்கள் கப்பல் அந்தப் பச்சைத் தண்ணீர் வழியாகப் போனது. கயிறு கட்டி ஒரு வாளி மொண்டு பனியனை அலசினேன். வீட்டில் காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

கடிதத்தை அண்ணனிடம் கொடுத்தேன். "உன் பேர்லதாண்ணே இருக்கு, நீயே வெச்சுக்க" என்றேன். அவர் வாங்கவில்லை. அம்மாதான் சட்டம் போட்டு மாட்டினார்கள். வெளியே தெரிந்தால் இரண்டு பேருக்கும் சிறை. அதனால் அது அவர் கதை ஆயிற்று. அவர் கேட்டு வாங்கியது இல்லை அண்ணி. இதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும்.

ரெங்கசாமி


பபேடான்
14 ஜூலை 2025

தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மழை விடாமல் பெய்கிறது. பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்கும் கயிற்றின் கிளிப்பில் செல்வம் அதை மாட்டிவிட்டுப் போயிருந்தார். மேலே இழுப்பதற்குள் பாதி நனைந்துவிட்டது. ஆனாலும் எல்லா வரியும் படிக்க முடிந்தது.

அண்ணனுடைய புத்தகத்தில் நீங்கள் போனதை நான் குற்றமாக எடுக்கவில்லை. வயிற்றுக்காக அந்த நாளில் எல்லாரும் ஏதோ ஒரு பெயரில் நின்றவர்கள்தான். அதற்குப் பிறகு என்னிடம் சொல்ல நாற்பத்து மூன்று வருடம் இருந்தது. அவர் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கான்வென்டில் படித்த பெண், வாய் நீளம் என்று என்னைச் சொல்வார்கள். இரண்டு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றேன். மூன்றாவதாக உங்கள் வீட்டார் வந்தபோது, ஊரெல்லாம் பேசிய அந்தக் கப்பல் கதையில் கடைசியாக அந்த ஆள் எப்படி மேலே போனார் என்று கேட்கச் சொல்லி அப்பாவிடம் சொன்னேன். மற்ற எதையும் கேட்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். "தன் காலாலயே ஏணி ஏறிப் போனாரு" என்று கூடத்திலிருந்து பதில் வந்தது. அந்தக் குரலில் ஒரு மரியாதை இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் தள்ளாடாமல் நடந்ததைப் பெருமையாகச் சொல்கிற மனிதரோடு வாழலாம் என்று முடிவு செய்தேன்.

எங்களுக்குப் பிள்ளை தங்காமல் போனபோதும், உங்கள் அண்ணனை எரித்துவிட்டுத் திரும்பி வந்த மறுநாளும், அந்த வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

இப்போது எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உங்கள் நீண்ட கடிதத்தில் அதை மட்டும் எழுதவில்லை. அந்த மனிதர் ஏணியில் ஏறினாரா, ஏற்றினார்களா? நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். எனக்குப் பிடித்ததை எழுத வேண்டாம்.

சத்யபாமா


வியாசர்பாடி
22 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். மறுபடி மூச்சுத் திணறல் வந்து, இப்போது பக்கத்தில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம். இரண்டு வரி பேசினால் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் சொன்னது:

"அண்ணி, ஏத்துனாங்க. கேப்டனோட தூரக்கண்ணாடிய எல்லாரும் மாத்தி மாத்திப் பார்த்தோம். எனக்கு வந்தப்போ மொத ஆளு ஏணியில பாதியில நின்னாரு. கால் வழுக்குச்சு. ரெண்டு தரம். கீழேர்ந்து ஒருத்தன் முதுகத் தாங்குனான், மேலேர்ந்து ரெண்டு பேரு கையப் பிடிச்சுத் தூக்குனாங்க. துணிய உசத்துற மாதிரிதான் உசத்துனாங்க. தளத்துல வந்ததும் அவரு ரெண்டு கையையும் விடுவிச்சுக்கிட்டாரு. சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு நடந்து போனாரு. ஒரு பத்து எட்டு இருக்கும். அத நான் பார்த்தேன்.

அன்னிக்கு உங்கப்பா கேட்டப்போ அண்ணன் முழிச்சாரு. அவருக்குத்தான் தெரியாதே. நான் கதவு பக்கம் சுவரோரமா நின்னேன். அண்ணனுக்கு அவமானமாயிடுமேன்னு நான் பதில் சொன்னேன். நீங்க கேட்டது என் குரல். பாதி பொய். அந்தப் பத்து எட்டு மட்டும் நெசம்."

இத்துடன் நிறுத்திக்கொண்டார். வேறு ஏதாவது சேர்க்கணுமா என்று கேட்டேன். உங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் பர்மாவை விட்டு இங்கே வந்ததைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார், பிறகு வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொல்கிறார்.

புஷ்பலதா


பபேடான்
15 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பி ரெங்கசாமிக்கு,

முழங்கால் மோசம். மறைக்கவில்லை. நேற்று கடைக்குப் போய் வரும்போது முதல் மாடியிலேயே நின்றுவிட்டேன். ஃபக்ருன்னிசா கை நீட்டினாள், பிடித்துக்கொண்டேன். அவளுடைய மருமகன் பின்னாலிருந்து தாங்கினான். "இன்னிக்கு உங்க சொந்தக்காரர் எங்க போனாரு அக்கா?" என்று கேட்டாள். அவரையும் தூக்கித்தான் விட்டார்களாம், இப்போதுதான் கடிதம் வந்தது என்றேன். நாலாம் மாடி வாசலில் அவர்கள் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே நடந்தேன். பத்து எட்டு இருக்கும்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். தீரவில்லை. அதைச் சுமக்கத்தான் இப்போது தெம்பில்லை. இரண்டு மாதம் உங்கள் அண்ணனோடு மனதுக்குள் பேசாமல் இருந்தேன். அப்புறம் ஒன்று தோன்றியது. அவர் அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார். ஐந்தாவது வாக்கியம் ஒன்று சேர்த்ததே இல்லை. பிறர் பொருளை ஒரு கீறல் படாமல் வைத்திருந்தார். அது உங்களுடையது என்று அவருக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

அடுத்த வருடம் நீங்கள் ஊரை விட்டுப் போனதைப் பற்றிச் சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டாம். நான் கேட்கவும் இல்லை.

மலருக்கு எழுதி முடித்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். விண்கலத்தை முதலில் கண்டவர் ரெங்கசாமி, தம் அண்ணன் விநாயகமூர்த்தியின் புத்தகத்தில், மவுங் தெய்ன் என்ற பெயரில் சென்றார் என்று இருக்கிறது. வாந்தியும் இருக்கிறது, பச்சைத் தண்ணீரும் இருக்கிறது, ஏணியில் தூக்கியதும் பிறகு நடந்ததும் இருக்கின்றன. சபாபதிக்கு ஏமாற்றம்தான். "யாருமே குதிக்கலியா?" என்று கேட்டார். முக்குளிப்பவர்கள் குதித்தார்கள், அது மூன்றாவது பத்தியில் வருகிறது என்றேன்.

கேப்டன் கடிதத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. உங்கள் பனியனைக் காகிதத்தில் சுற்றி, இந்தக் கடிதத்தோடு செல்வத்திடம் கொடுத்தனுப்புகிறேன். துவைக்க வேண்டாம் என்று புஷ்பலதாவிடம் சொல்லுங்கள்.

கட்டுரை இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. உங்கள் பெயர் அச்சில் வருவதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். அச்சகம் காத்திருக்கட்டும். சம்மதம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் போதும். ஆனால் அதைப் புஷ்பலதா எழுதக் கூடாது. எத்தனை நாளானாலும், எழுத்து எப்படிக் கோணினாலும், உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள்.

அண்ணி,
சத்யபாமா